படகைக் கேட்டால் பத்மாசனம் காட்டுகிறார்கள்

நெடுந்தீவில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் முதுகு வலிக்கிறது என்று சொன்னால், அவருக்கு இந்நாட்களில் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே மறுமொழிதான் வருகிறது. அலுவலகத்தில் மேலதிகாரி சொல்கிறார். ஊரில் சித்தப்பா சொல்கிறார். ரொறன்ரோவிலிருந்து தொலைபேசியில் பேசும் மைத்துனரும் சொல்கிறார்: "யோகாசனம் செய்யுங்கோ, எல்லாம் சரிவரும்." உறக்கமின்மைக்கும் அதே மருந்து, இரத்த அழுத்தத்துக்கும் அதே மருந்து. வீட்டை நினைத்து மனம் சோர்ந்தாலும் அதே மருந்துதான்.

யோகாசனத்தின்மீது எனக்குப் பகை எதுவும் கிடையாது. பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாகக் குனிந்திருந்து எழுதிய முதுகு என்னுடையது. அது இன்னும் நிமிர்ந்து நிற்பதில் காலை வேளைப் பயிற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. எனது சண்டை அந்த அறிவுரை எதற்குப் பதிலாகச் சொல்லப்படுகிறது என்பதைப் பற்றியது. படகு நேரத்துக்கு வருவதில்லை என்று ஒருவர் முறையிட்டால் மூச்சுப் பயிற்சியைக் கற்பிக்கிறார்கள். விடுதிக் கூரை ஒழுகுகிறது என்றால் தியானத்தின் மகிமையைச் சொல்கிறார்கள். இப்படியே போனால் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிறது என்பவருக்கு எந்த ஆசனத்தைப் பரிந்துரைப்பார்களோ தெரியாது.

தீவகத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்கம் தேவை. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, பின்னர் வேலணை. வேலணை இருக்கும் தீவின் மறுமுனையில் ஊர்காவற்றுறை. அங்கு செல்லத் தரைவழி உண்டு. காலையில் போய் மாலையில் திரும்பலாம். வேலணையிலிருந்து கடலினூடாகப் போடப்பட்ட இன்னொரு தாம்போதி வழியே புங்குடுதீவு, அதன் முனையில் குறிகாட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகில் அரை மணித்தியாலமும் ஆகாது. நெடுந்தீவுக்கோ கடல் நல்ல மனநிலையில் இருந்தால் ஒரு மணித்தியாலம். சோளகக் காற்று எழும்பும் மாதங்களில் அந்த ஒரு மணித்தியாலத்தை வயிறு பிரட்டாமல் கடந்தவர்கள் பாக்கியசாலிகள். கடல் மேலும் கொந்தளித்தால் சேவையே நிறுத்தப்படும்.

ஆகவே "தீவகத்தில் வேலை" என்பது ஒரே அனுபவமன்று. ஊர்காவற்றுறையில் பணிபுரியும் எழுதுவினைஞர் இரவில் தமது வீட்டில் உறங்குகிறார். நெடுந்தீவில் பணிபுரியும் ஆசிரியை திங்கட்கிழமை விடியுமுன் புறப்பட்டுப் போனால் பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். தாதியர், கிராம அலுவலர், வங்கி ஊழியர், பிரதேச செயலகத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் எனப் பலருக்கும் இதே நிலைதான். இவர்கள் வெளிநாடு போகவில்லை. வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்கெட்டும் தூரக் கடலுக்கு அப்பால்தான் இருக்கிறார்கள். ஆனால் வீட்டை விட்டு வாழும் ஒருவருக்குரிய எல்லா நோய்களும் இவர்களுக்கு வருகின்றன.

அந்த நோய்களின் மூலத்தைப் பார்ப்போம். தனியே ஒருவருக்காகச் சமைக்க மனம் வருவதில்லை. காலையில் பாணும் சம்பலும், இரவிலும் பாண். இடையில் சீனி நிறையப் போட்ட தேநீர், எத்தனை என்ற கணக்கில்லை. மாலை நான்கு மணிக்குப் பின் செய்வதற்கு எதுவுமில்லை. கையில் தொலைபேசி இருக்கிறது, கட்டில் இருக்கிறது. வார இறுதியில் இரண்டு நாட்களும் பயணத்திலும் வீட்டு வேலைகளிலும் கரைந்துவிடும். இப்படி மூன்று, ஐந்து ஆண்டுகள் போனபின் நீரிழிவு வந்தால் "பரம்பரை வியாதி" என்கிறோம். பரம்பரையும் உண்டுதான், தெற்காசியர்களாகிய நமக்கு அந்த நோய் இளவயதிலேயே, அதிகப் பருமனில்லாத உடலிலும் வருகிறது என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. ஆனால் பரம்பரை விறகு என்றால் அந்த விடுதி வாழ்க்கைதான் தீக்குச்சி.

படகைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நெடுந்தீவு மக்களுக்குப் படகு என்பது வெறும் போக்குவரத்துச் சாதனமன்று. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் வழிமறிக்கப்பட்டுப் பெண்கள், குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பின்னர் அதே படகு திருத்தப்பட்டு அதே கடலில் மீண்டும் ஓடியது. அதில் ஏறி வேலைக்குப் போனவர்களின் நெஞ்சத் துடிப்பை எந்தக் கருவி அளந்தது? இந்தக் கடலைப் பற்றிப் பேச வருபவர்கள் "மன அழுத்த முகாமைத்துவம்" என்ற சொல்லைச் சற்றுக் கூச்சத்தோடு பயன்படுத்தினால் நல்லது.

இனி யோகத்துக்கு வருவோம். இது நமக்குப் புதிதாக இறக்குமதியான சரக்கு என்று எண்ணுபவர் இருவகையினர். தில்லியிலிருந்து வந்தது என்று சந்தேகிப்பவர் ஒருவகை. கலிபோர்னியாவிலிருந்து வந்ததென்று மகிழ்பவர் மறுவகை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தை விரித்துப் பேசுகிறது என்பதை இரு சாராரும் மறந்துவிடுகின்றனர். 2014 டிசெம்பர் 11 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை யூன் 21ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்தபோது 177 நாடுகள் அத்தீர்மானத்துக்கு இணை அனுசரணை வழங்கின. 2015 முதல் ஆண்டுதோறும் அந்நாளில் மேடை போடுகிறார்கள், ஒரே நிற மேற்சட்டை கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். எனது தொழிலில் இருப்பவர்களும் அந்தப் படத்தை மறுநாள் நான்கு பத்தி அகலத்தில் அச்சிடுகிறார்கள். யூன் 22ஆம் திகதி அந்த மேற்சட்டைக்காரர்களில் எத்தனை பேர் பாயை விரித்தார்கள் என்று எந்த நிருபரும் போய்ப் பார்த்ததில்லை.

ஊரைவிட்டு வேலைக்குப் போனவர்களுக்கு யோகமே துணை என்று பேசுவோர் இரண்டு பெரியவர்களை உதாரணம் காட்டுவதைக் கேட்டிருக்கிறேன். முதலாமவர் பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி. மருத்துவம் கற்று 1913இல் மலாயாவுக்குப் போனார். சிரம்பான் அருகே இறப்பர்த் தோட்ட வைத்தியசாலையிலும், பின்னர் ஜொகூரிலும் ஏறத்தாழப் பத்தாண்டுகள் வேலை பார்த்தார். அவரே பின்னாளில் ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தர். இரண்டாமவர் நம் யோகர் சுவாமிகள். 1872இல் மாவிட்டபுரத்தில் பிறந்தவர்; கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திட்டத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை செய்தவர். அந்நாளைய கிளிநொச்சி காடு. மலேரியா மலிந்த காடு. வீட்டை விட்டுத் தனித்திருந்து அரசாங்க உத்தியோகம் பார்ப்பது எப்படிப்பட்டது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

உதாரணம் அழகானதுதான். ஆனால் காட்டுபவர்கள் கதையின் மறுபாதியைச் சொல்வதில்லை. சிவானந்தர் 1923இல் மலாயா வேலையை உதறிவிட்டு இந்தியா திரும்பினார். அதற்கடுத்த ஆண்டு துறவு பூண்டார். யோகர் சுவாமிகள் களஞ்சியச் சாவியை ஒப்படைத்துவிட்டு நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமிகளின் காலடிக்குப் போனார். இருவரும் உத்தியோகத்தை விட்ட பிறகுதான் நாம் இன்று கொண்டாடும் யோகியர் ஆனார்கள். உத்தியோகத்தில் இருந்துகொண்டே கஷ்டப் பிரதேசத்தை யோகத்தால் சகித்துக்கொள் என்பதற்கு இவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் சாட்சி எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் போய்விடும். தவிரவும், யோகர் சுவாமிகளிடம் போனவர்கள் மௌனத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். புஜங்காசனத்தை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக நான் படித்ததில்லை.

உண்மையான முன்னோடிகளை வேறிடத்தில் தேட வேண்டும். புங்குடுதீவு, வேலணை, நயினாதீவு ஆகிய ஊர்களிலிருந்து தென்னிலங்கைக்குச் சென்று சுருட்டுக் கடையும் பலசரக்குக் கடையும் வைத்த ஒரு தலைமுறையே இருந்தது. சிங்களக் கிராமத்தின் சந்தியில் ஒரு கடை; கடையின் பின்னறையில் சாக்கு விரித்துப் படுக்கை. விடியுமுன் கடை திறக்கும், இரவு பத்துக்குப் பூட்டும். கோயில் திருவிழாவுக்கு ஊர் போவது ஆண்டில் ஓரிரு தடவைதான். அவர்களிடம் ஆசனமும் இல்லை, பிராணாயாமமும் இல்லை. மூட்டை சுமந்தார்கள், நடந்தார்கள், மரக்கறி உண்டார்கள், வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார்கள். அதையெல்லாம் பொற்காலமாக்க நான் வரவில்லை. காசமும் வயிற்றுப் புண்ணும் அவர்களில் பலரைக் கொண்டு போயின; 1958உம் 1977உம் 1983உம் கடைகளைக் கொண்டு போயின. ஆனால் ஒன்று தெளிவு: அவர்களின் உடல் அன்றாட வேலையிலேயே அசைந்தது. நம் காலத்து உத்தியோகத்தரின் உடலை அவரது வேலை அசைப்பதில்லை. ஆகவே அசைவைத் தனியே ஒரு கடமையாகச் செய்ய வேண்டியிருக்கிறது. யோகாசனத்தின் தேவை இங்கேதான் நேர்மையாகத் தொடங்குகிறது.

அது என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை மிகைப்படுத்தாமல் சொல்வோம். நாட்பட்ட இடுப்பு வலிக்கு யோகப் பயிற்சி எவ்வளவு உதவுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் கொக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. எந்தப் பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிடும்போது சிறிய அல்லது நடுத்தர அளவில் முன்னேற்றம் உண்டு என்றது. வேறு உடற்பயிற்சிகளை விட மேலானது என்று நிறுவப்படவில்லை. சிலருக்குப் பயிற்சியினால் வலி கூடியதும் பதிவாகியிருக்கிறது. இதுதான் நிதானமான உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வயது வந்தவர் ஒருவருக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்புத் தேவை; அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும். மெதுவாகச் செய்யும் ஆசனங்கள் பலவும் அந்த "மிதமான" என்ற அளவைத் தொடுவதில்லை. சூரிய நமஸ்காரத்தைச் சற்று விரைவாகச் செய்தால் தொடலாம். நடை இல்லாமல் ஆசனம் மட்டும் செய்து நீரிழிவை வென்றுவிடலாம் என்பவரை நம்பாதீர்கள். நெடுந்தீவில் நடப்பதற்கு இடப் பஞ்சம் கிடையாது. முருகைக்கல் மதில்களுக்கிடையே மாலை வேளையில் ஒரு மணித்தியாலம் நடக்கலாம், குதிரைகள் எதிர்ப்பட்டால் வழிவிடலாம்.

இனி எனது முக்கிய வாதம். யோகாசனம் செய்ய என்ன வேண்டும்? விலையுயர்ந்த பாய் தேவையில்லை, கண்ணாடிச் சுவர் தேவையில்லை. ஆறடி நீளம், மூன்றடி அகலம் கொண்ட சமமான, ஈரமில்லாத தரை வேண்டும். காற்று வேண்டும். பிறர் கண் படாத அரை மணித்தியாலம் வேண்டும். வெறும் வயிறு வேண்டும். அதற்கு உணவு நேரம் ஒழுங்காக இருக்க வேண்டும். முதல்நாள் இரவு உறங்கியிருக்க வேண்டும். முடிந்தபின் குளிக்க நல்ல தண்ணீர் வேண்டும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஆசிரியைகள் தங்கும் ஒரு விடுதி அறைக்குள் போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்த்த அறையில் நான்கு கட்டில்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே பக்கவாட்டில் திரும்பித்தான் நடக்கலாம். பெட்டிகள் கட்டிலின் கீழ், பாத்திரங்கள் யன்னலில், உடுப்புகள் குறுக்கே கட்டிய கயிற்றில். அங்கிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணை, சவாசனம் மட்டும்தான் இஞ்சை செய்யலாம், அதுவும் கட்டிலிலைதான். வேறை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ." வெளியே முற்றத்தில் செய்யலாமே என்று சொல்வது ஆண்களுக்கு இலகு. வீதியால் போகும் பிள்ளைகளின் பெற்றோர் பார்க்க, நாளைக்கு அவர்களுக்கே பாடம் நடத்தப் போகும் ஆசிரியை முற்றத்தில் காலைத் தூக்கிப் பயிற்சி செய்ய நம் சமூகம் விடுமா? விடாது. தவறு சமூகத்தினுடையதுதான், ஆனால் அந்தத் தவறு திருந்தும்வரை அவரது முதுகு காத்திருக்காது.

ஆக, நல்ல விடுதிக்குப் பதிலாக யோகாசனம் என்று சொல்லவே முடியாது. நல்ல விடுதி இருந்தால்தான் யோகாசனமே செய்யலாம். படகு நேரத்துக்கு ஓடினால்தான் வெறும் வயிற்றோடு செய்யும் பயிற்சிக்கு ஒரு காலை வேளை மிஞ்சும். அறிவுரை சொல்பவர்கள் தாம் கொடுக்க மறுக்கும் பொருளையே மூலதனமாக வைத்து இலாபம் காட்டச் சொல்கிறார்கள்.

"வசதி வரும்வரை சும்மா கிடப்பதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கிடக்க வேண்டாம். ஆனால் செய்வதைத் தெரிந்து செய்யுங்கள். நாள் முழுதும் நின்று கரும்பலகையில் எழுதுபவருக்கும், கதிரையில் குந்தியிருந்து கோப்புப் பார்ப்பவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. மனிதனுக்கேற்பப் பயிற்சியை மாற்ற வேண்டும், பயிற்சிக்கேற்ப மனிதனை வளைக்கக் கூடாது என்பதே சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த கிருஷ்ணமாச்சாரியாரின் வழியில் வந்தவர்கள் வலியுறுத்துவது. நின்று வேலை செய்பவருக்குச் சுவரில் கால்களை உயர்த்தி வைத்துப் பத்து நிமிடம் படுத்திருப்பதே பெரிய ஆறுதல். அதற்குக் கட்டில் போதும். குந்தியிருப்பவருக்குப் புஜங்காசனமும் சலபாசனமும் முதுகுத் தசைகளுக்கு வலுவூட்டும். தாடாசனம், நின்றபடி கைகளை உயர்த்திப் பக்கவாட்டில் வளைதல், கதிரையைப் பிடித்துக்கொண்டு மெல்ல அமர்ந்து எழுதல் ஆகியவற்றுக்கு மூன்றடி சதுரம் இருந்தால் போதும். மூச்சைச் சீராக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடும் பயிற்சியைப் படகிலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கண்ணழுத்த நோய் உள்ளவர்களும் சிரசாசனத்தின் பக்கமே போக வேண்டாம். முகநூலில் யாரோ தலைகீழாக நிற்பதைப் பார்த்து ஆசைப்படவும் வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சி செய் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு விலகி வாருங்கள்.

தீவகத்தில் கத்தோலிக்கர் கணிசமாக வாழ்கிறார்கள். ஊர்காவற்றுறையின் கரம்பொன் தனிநாயகம் அடிகளாரைத் தந்த மண். அங்குள்ள ஆசிரியை ஒருவர் மந்திரம் இல்லாமல், நமஸ்காரம் என்ற பெயர் இல்லாமல், அதே அசைவுகளை "எக்சசைஸ்" என்று சொல்லிச் செய்து வருகிறார். அவரது முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பெயரைச் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்று அவரிடம் வாதாடப் போன சைவப் பெரியவர் ஒருவரையும் அறிவேன். அந்தப் பெரியவர் எந்த ஆசனமும் செய்வதில்லை.

புலம்பெயர்ந்த வாசகர்களிடமும் ஒரு சொல். நீங்களும் வேலைக்காக வீட்டை விட்டவர்கள்தான். பெரும்பாலோர் போருக்காக விட்டீர்கள், பிறகு வேலை உங்களைத் திரும்பவிடவில்லை. எரிபொருள் நிலையத்தில் இரவுப்பணி முடித்து, மூன்று மணித்தியாலம் உறங்கி, பகலில் இன்னொரு வேலைக்கு ஓடும் ஒருவரிடம் ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்புக்கு வரச்சொல்லிக் கட்டணம் வாங்குவதை என்னவென்று சொல்வது? அவருக்கு முதலில் வேண்டியது ஐந்து மணித்தியால உறக்கம். 1969இல் வூட்ஸ்ரொக் விழாவைத் தொடக்கி வைத்த சச்சிதானந்த சுவாமிகள், அதற்கு முன்னர் கண்டியில் ஆசிரமம் அமைத்திருந்தவர். மேற்குலகுக்கு யோகம் போன பாதையில் நம் மலைநாடும் ஒரு தங்குமடம். போன சரக்கைப் பதினைந்து டொலர் கொடுத்து நாமே திரும்ப வாங்குகிறோம். வாங்குங்கள், காசு உங்களுடையது. ஆனால் ஊரில் இருக்கும் தங்கைக்குத் தொலைபேசியில் அதை அறிவுரையாக அனுப்புமுன், அவள் அறையில் பாய் விரிக்க இடமிருக்கிறதா என்று ஒருமுறை கேளுங்கள். உங்கள் ஊர்ச்சங்கங்கள் கோயில் கோபுரத்துக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு, ஆசிரியர் விடுதிக்கு ஓர் அறையைக் கூட்டிக் கட்டப் போதும். நயினை அம்பாள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பதும் பெரிய தொகையன்று. சோளகக் காலத்தில் படகு ஓடாத நாட்களை விடுப்புக் கணக்கில் கழிக்காதீர்கள். திங்கட்கிழமை முதற்பாடத்தைப் படகின் நேரத்துக்கு ஏற்ப அமையுங்கள். விடுதியில் ஒரு அறையையாவது கட்டில் போடாமல் வெறுமையாக விடுங்கள். அதுவும் இப்போதைக்கு இயலாதென்றால் பாடசாலை மண்டபம் இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் அங்கு வௌவால்தான் இருக்கிறது. பாடசாலைகளில் சுகாதாரமும் உடற்கல்வியும் ஒரு பாடம். அதற்கென ஆசிரியர் இருக்கும் இடத்தில் அவரே வாரம் மூன்று நாள் சக ஆசிரியர்களுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுக்கலாம், பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். மண்டபத்தின் சாவி அதிபரின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அதைத் திறந்துவிட அமைச்சிலிருந்து சுற்றறிக்கை வரவேண்டியதில்லை, யூன் 21 வரை காத்திருக்க வேண்டியதுமில்லை.